புளோரா: குளத்தங்கரையிலும் நூலகத்திலும் வயிற்றுக்குள்ளும்

நீங்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்ட மாதிரித் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பி.எஸ்ஸி. படிக்கும் மகளிடம் ஊர்க் குளத்தின் ‘புளோரா’வைத் தயாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியில் ‘ஒரு பகுதியின் தாவரங்கள்’ என்று இருக்கிறது. நூலகத்தில் கேட்டால் தடித்தடியான புத்தகங்களைக் காட்டி, இதுதான் புளோரா என்கிறார்கள். இதற்கிடையில் உங்கள் அம்மாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்த டாக்டர், குடல் புளோரா குறைந்திருக்கும் என்று சொல்லி ஒரு கேப்சூலும் சேர்த்து எழுதியிருக்கிறார். ‘வயிற்றுக்குள் செடியா முளைக்கிறது?’ என்று முடித்திருக்கிறீர்கள். மகள் தன் அறிக்கையில் எதை எழுத வேண்டும் என்பதுதான் அடியில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தாவரவியல் கற்பித்தவன். நெல்லைச் சீமையின் மலையிலும் செம்மணல் தேரியிலும் குளத்துக்குள்ளும் செடி பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, அட்டையில் ஒட்டியே பாதிக் காலம் போயிற்று. ஆகவே முதல் இரண்டு பொருளையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். மூன்றாவதில் அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது வரைக்கும் என் துறை. கேப்சூல் வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டரின் துறை.

புளோரா என்பது ரோமானியர்களின் பூக்களுக்கும் வசந்தத்துக்குமான தேவதையின் பெயர். ஏப்ரல் கடைசியில் அவளுக்குத் திருவிழா எடுத்தார்கள். (பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ஒரு புளோரா டீச்சர் இருப்பார். அந்தப் பெயரும் இங்கிருந்து கிளம்பியதுதான்.) தேவதையின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் புத்தக அட்டைக்கு ஏறியது. 1648இல் சைமன் பாலி என்ற மருத்துவர் டென்மார்க்கின் செடிகளைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘புளோரா டானிகா’ என்று பெயர் வைத்தார். 1737இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் லாப்லாந்துச் செடிகளைப் பற்றி ‘புளோரா லப்போனிகா’ வெளியிட்டார். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆக இந்தச் சொல் செடிகளுக்கு வந்தது புத்தகத் தலைப்புகளின் வழியாக. புத்தகத்துக்கும் செடிகளுக்கும் ஒரே பெயர் இருப்பது அதனால்தான். நூலகர் உங்களைக் குழப்பவில்லை.

சரி, செடிகளைக் குறிக்கும்போது என்ன பொருள்? ஒரு எல்லைக்குள் இயல்பாக வளரும் தாவர இனங்கள் அத்தனையும் என்று பொருள். இதில் ‘எல்லை’ என்பதும் ‘இனங்கள்’ என்பதும்தான் முக்கியம். எல்லை சொல்லாமல் புளோரா கிடையாது. திருநெல்வேலி மலைகளின் புளோரா இருக்கலாம், ஒரு குளத்தின் புளோரா இருக்கலாம், ஒரு கோயில் மதிலின் புளோராகூட இருக்கலாம். ‘மூலிகைகளின் புளோரா’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வரும் மாணவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்த ஊர் மூலிகை என்று சொன்னால்தான் அது புளோரா.

‘இனங்கள்’ என்பதை இப்படிப் பாருங்கள். புளோரா ஒரு வாக்காளர் பட்டியல் மாதிரி. பண்ணையாருக்கும் ஒரு வரி, கூலியாளுக்கும் ஒரு வரி. உடன்குடிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பனை நிற்கிறது. அதன் காலடியில் எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒரு சின்னப் பூடு இருக்கிறது. பட்டியலில் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வரிதான். எது நிறைய இருக்கிறது, எது நிழல் தருகிறது, தூரத்தில் இருந்து பார்த்தால் நிலம் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் புளோராவில் வராது. அதற்கு வெஜிடேஷன் என்று வேறு சொல் உண்டு. தமிழில் தாவரப் போர்வை எனலாம். மாணவர்களின் அறிக்கைகளில் நான் அதிகம் பார்த்த குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான்.

பாபநாசத்தில் இருந்து மேலே போகும் வழி இந்த வேறுபாட்டுக்கு நல்ல சாட்சி. அடிவாரத்தில் முள்காடு. கொஞ்சம் ஏறினால் கோடையில் இலை உதிர்க்கும் காடு. இன்னும் ஏறினால் ஈரமான இலையுதிர்காடு. அகத்தியமலையை நெருங்கும்போது எப்போதும் பச்சையாக இருக்கும் சோலைக்காடு. 1936இல் சாம்பியன் என்ற வன அதிகாரி இந்தியக் காடுகளை இப்படி வகைப்படுத்தினார். 1968இல் சேத் அவருடன் சேர்ந்து திருத்திய வடிவத்தைத்தான் வனத்துறை இன்றும் பின்பற்றுகிறது. அவை தாவரப் போர்வையின் வகைகள். நம் ஆட்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்ததும் கிட்டத்தட்ட இதே கண்ணோட்டம்தான்: நிலத்தின் தோற்றத்தைப் பார்த்து, அதற்கு ஒரு செடியின் பெயரை வைப்பது. மலை, காடு, வயல், கடல், செந்நிறத் தேரி மணல் எல்லாம் சில மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும் சீமை நம்முடையது. இங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைச் சொல்கிறதே, அது தமிழின் முதல் புளோரா இல்லையா என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி, ஆனால் இல்லை. அந்தப் பட்டியலில் காந்தளும் குறிஞ்சியும் இருக்கின்றன. கூடவே தாமரையும் நெய்தலும் தாழையும் இருக்கின்றன. ஒரே மலைச்சரிவில் இவை எல்லாம் ஒன்றாகப் பூக்காது. கபிலருக்குச் செடிகள் தெரியும் என்பதற்கு அது சாட்சி. ஒரு மலையின் எல்லைக்குள் நின்று எடுத்த கணக்கு அல்ல; அது அவருடைய வேலையும் இல்லை.

இனி யாரைப் பட்டியலில் சேர்ப்பது? மகளுக்கு உண்மையான தலைவலி இங்கேதான் வரும். பொது வழக்கம் இது: தானாக வளர்பவை உள்ளே, நட்டு, தண்ணீர் விட்டு, உரம் போட்டு வளர்ப்பவை வெளியே. குளத்துப் பாசனத்தில் நிற்கும் கார் நெல்லும் பிசான நெல்லும் வாழையும் புளோரா ஆகாது. மாஞ்சோலைத் தேயிலையும் ஆகாது. தேயிலை வரிசைகளுக்கு நடுவில் யாரும் கேட்காமல் முளைக்கும் களை ஆகும். வெளியூரில் இருந்து வந்து, இப்போது ஆள் துணையின்றித் தானே பெருகும் செடியும் உள்ளேதான் வரும். நம் ஊர் உடை மரம் தேரியில் குடை விரித்தாற்போல் நிற்கும், இந்த மண்ணுக்கே உரியது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்கு வந்தது. நமக்கு அதைப் பிடிக்கிறதா என்பது பட்டியலுக்குப் பொருட்டில்லை. இரண்டும் உள்ளே, பின்னதற்கு ‘அயல் வரவு’ என்ற குறிப்போடு. குளத்தில் மிதக்கும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) தென் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். கரையில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்க வரவு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உலக மருந்துச் சந்தையில் நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு திரியும் செடி ‘டின்னவெல்லி சென்னா’. மலச்சிக்கல் மாத்திரையில் போடும் நிலாவாரை. அது நம் மண்ணில் பிறந்ததல்ல. அரேபியா, வடகிழக்கு ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி, இங்கே மானாவாரியாகப் பயிரிட்டு ஏற்றுமதியாகி இந்தப் பெயர் பெற்றது. மறுபக்கம், சிங்கம்பட்டியின் பெயரை அறிவியல் பெயரிலேயே தாங்கிய ‘யூஜீனியா சிங்கம்பட்டியானா’ என்ற நாவல் குடும்பத்துச் சிறுமரம் இருக்கிறது. இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, அழியும் நிலையில் இருப்பது. நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பெயரை வைத்து ஒரு செடியின் பூர்வீகத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஓரங்களும் உண்டு. குளத்துக்குள் வரிசையாக நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களைப் பாருங்கள். சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை, அவற்றின் விதையில் தானாக முளைத்தவை, அதற்கும் முன்பே நின்றவை என எல்லாம் கலந்திருக்கும். எது எது என்று பிரிக்க முடியாது. பனையும் அப்படித்தான், விதை போட்டு வளர்த்ததா, விழுந்த பழத்தில் முளைத்ததா என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இந்த மாதிரி இடங்களில் சேர்த்துக்கொண்டு, ‘நட்டதாகவும் இருக்கலாம்’ என்று எழுதிவிடுவதே நேர்மை. தேர்வாளர் கேட்டால் காரணம் சொல்லலாம்.

புத்தகம் என்ற பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் புத்தகத்தைக் குறிக்கும்போது முதல் எழுத்தைப் பெரிதாகவும், செடிகளைக் குறிக்கும்போது சிறிதாகவும் போட்டுச் சமாளிக்கிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, ஆகவே ‘தாவர விவர நூல்’ என்று விரித்து எழுதுவதே நல்லது. அந்த நூலில் ஒவ்வொரு இனத்துக்கும் பெயர், வருணனை, எங்கே வளர்கிறது, எப்போது பூக்கிறது என்பவை இருக்கும். அதன் உயிர் திறவுகோலில் இருக்கிறது. இலை எதிரெதிராகவா மாறிமாறியா, இதழ் தனித்தனியா ஒட்டியா என்று இரண்டிரண்டாகக் கேள்வி கேட்டு, கையில் இருக்கும் செடியின் பெயருக்குக் கொண்டுபோய் விடும். வெறும் பட்டியலை மட்டும் கொடுத்தால் அதைச் செக்லிஸ்ட் என்பார்கள். மகளிடம் கேட்டது எது என்பதை ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். இளங்கலையில் பெரும்பாலும் குறிப்புகளோடு கூடிய பட்டியலைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

நம் பகுதிக்கு எதைப் பார்ப்பது? ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்திய புளோரா 7 தொகுதிகள், 1872 முதல் 1897 வரை வந்தது. அது ரொம்பப் பெரிய வலை. அதைவிடப் பக்கத்தில் நிற்பது கேம்பிளின் சென்னை மாகாண புளோரா. 1915இல் தொடங்கி, 1925இல் கேம்பிள் இறந்த பிறகு ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். சமவெளிச் செடிகளுக்கு, திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) மேத்யூ அடிகளார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதி (‘கர்னாடிக்’ என்ற கிழக்குச் சமவெளி, கர்நாடக மாநிலம் அல்ல) நூலை நான் முதலில் எடுப்பேன். படங்களும் விளக்கமும் அவ்வளவு தெளிவு. இதற்கெல்லாம் முன்பே, 1830களில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவு மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், குற்றாலத்திலும் சுற்று வட்டாரத்திலும் செடி சேகரித்திருக்கிறார். அவர் நூல்களின் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் இன்றைய கைபேசிப் படம் வெட்கப்படும்.

பழைய நூல்களைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, எல்லை. அவற்றில் ‘டின்னவெல்லி’ என்றால் இன்றைய திருநெல்வேலி மாவட்டம் மட்டுமல்ல; தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல் பிரிந்தது. குற்றாலச் செடி அப்போது திருநெல்வேலிச் செடி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது, ஆகவே அங்கே பறித்த பழைய மாதிரிகளை வேறு தலைப்பில் தேட வேண்டும். இரண்டாவது, பெயர். உடையும் கருவேலும் கேம்பிளில் ‘அகேசியா’. 2005இல் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு எடுத்து 2011இல் உறுதியான முடிவால் அந்தப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. நம் மரங்கள் இப்போது ‘வாக்கெல்லியா’. அமலைச் செடியும் ‘ஐக்கார்னியா’ என்பதில் இருந்து ‘பொன்டிடேரியா’ ஆகியிருக்கிறது. பழைய பெயரில் கண்டுபிடியுங்கள், புதிய பெயரில் எழுதுங்கள், பழையதையும் பக்கத்தில் குறியுங்கள்.

சொல்லுக்கு வேறு சில கிளைப் பொருள்களும் உண்டு. ஒரு காலத்தின் செடிகளையும் புளோரா என்பார்கள். குளோசோப்டெரிஸ் புளோரா என்ற புதைபடிவத் தொகுதி இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அன்டார்க்டிகாவிலும் கிடைத்தது. இந்த நிலங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு அது பெரிய ஆதாரம். இங்கே எல்லை இடத்தால் மட்டுமல்ல, காலத்தாலும் போட்டது. அவ்வளவுதான்.

இப்போது வயிறு. உயிருள்ளவை எல்லாம் ஒன்று விலங்கு, இல்லை தாவரம் என்று இரண்டே கூடையில் போட்ட காலத்தில் பாக்டீரியாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 1857இல் நேகெலி என்ற தாவரவியலாளர் அவற்றுக்குப் ‘பிளவுப் பூஞ்சைகள்’ என்று பெயர் வைத்தார். பூஞ்சை அப்போது தாவரக் கணக்கில் இருந்தது. 1872இல் பாக்டீரியாவை வகைப்படுத்திய ஃபெர்டினான்ட் கோன் ஒரு தாவரவியலாளர்; அவரும் தாவரங்களோடுதான் சேர்த்தார். குடலில் இருப்பவை ‘குடல் புளோரா’ ஆனது அந்தக் கணக்கில்தான். அப்புறம் அறிவியல் நகர்ந்துவிட்டது. 1969இல் விட்டேக்கர் முன்வைத்த ஐந்து உலக வகைப்பாட்டில் பாக்டீரியா தனி, பூஞ்சை தனி, தாவரம் தனி. ஆனாலும் மருத்துவர்களின் நாக்கில் பழைய சொல் நின்றுவிட்டது. ஆய்விதழ்களில் இப்போது ‘மைக்ரோபயோட்டா’ என்கிறார்கள். தமிழில் ‘குடல் நுண்ணுயிர்கள்’ என்று சொன்னால் போதும். ‘குடல் தாவரங்கள்’ என்று மொழிபெயர்த்து எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். தாவரம் என்றாலே நின்ற இடத்தில் நிற்பது. சிவபுராணம் ‘தாவர சங்கமம்’ என்று நிற்பதையும் நகர்வதையும் எதிரெதிராக வைக்கிறது. வாலை ஆட்டி நீந்தும் பாக்டீரியாவுக்கு அந்தப் பெயர் எந்த வகையிலும் பொருந்தாது.

எண்ணிக்கையில் அவை சாதாரணம் அல்ல. 2016இல் வெளியான ஒரு கணக்கு, ஓர் ஆளின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் சுமார் 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் இருக்கலாம் என்றது. பாக்டீரியா பத்து மடங்கு என்று பல காலம் சொல்லிவந்தது அதிகப்படியான மதிப்பீடு. பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் நோய்க்கிருமியோடு இவற்றில் சிலவற்றையும் கொல்லும் என்பது உறுதி. கேப்சூலில் வரும் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ ஒவ்வொருவருக்கும் எந்த அளவு பயன் தரும் என்பது மருந்தையும் நோயையும் பொறுத்தது, அங்கே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி: லேப் ரிப்போர்ட்டில் எப்போதாவது ‘நார்மல் புளோரா’ என்று வந்தால் பதற வேண்டாம். அந்த இடத்தில் வழக்கமாக வசிக்கும் நுண்ணுயிர்கள்தான் வளர்ந்தன என்று சொல்ல வருகிறார்கள். அதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மகளின் குளத்துக்குத் திரும்பலாம். தலைப்பில் இரண்டு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த ஊர்க் குளம், எந்தத் தாவரப் பிரிவு. ‘பூக்கும் தாவரங்கள்’ என்று போட்டுவிட்டால் தண்ணீரில் நாலு இலை விரித்துக் கிடக்கும் ஆரைக்கீரையை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது பெரணி இனம். சேர்க்க வேண்டும் என்றால் ‘கலன் தாவரங்கள்’ என்று போடலாம். பெரணிகளை அடையாளம் காண வெளியூர் போக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளுக்கு மாணிக்கமும் இருதயராஜும் 1992இல் வெளியிட்ட நூல் பாளையங்கோட்டையில் உருவானதுதான். பச்சைப் பாசிகளை இளங்கலையில் தொட வேண்டாம், மைக்ரோஸ்கோப்போடு தனி வேலை அது. காளானையும் விட்டுவிடலாம், பூஞ்சைகளுக்கு ‘ஃபங்கா’ என்று தனிச் சொல்லே வேண்டும் என்று 2018இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது பரவி வருகிறது, எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் அது குளத்தின் புளோரா ஆகாது, அந்த நாளின் குறிப்பு. கார்த்திகையில் குளம் நிரம்பியிருக்கும்போது தாமரையும் ஆம்பலும் சம்பும் தெரியும். பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி உள்வாய் வெடித்த பிறகு கொட்டைக்கரந்தையும் பொடுதலையும் இன்னும் என்னென்னவோ முளைக்கும். ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும். அவகாசம் இல்லையென்றால் எந்த மாதங்களில் பார்த்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

படம் மட்டும் போதாது. ஒவ்வொரு இனத்துக்கும் பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, இடம், தேதி, பறித்தவர் பெயர், எண், உள்ளூர்ப் பெயர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு யாராவது ‘இது அந்தச் செடியே இல்லை’ என்றால் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும். கோரை மாதிரி இனங்களைப் படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்தமடைப் பாய்க்காரர்கள் கையில் எடுத்தே பிரித்துவிடுவார்கள், அவர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சந்தேகம் தீராதவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள சென்னை ஹெர்பேரியத்தின் மாதிரிகளோடு ஒப்பிடலாம். ஊர்க் குளத்தில் பறிக்கும் முன் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது.